லைசென்ஸ் யார் பெயரில்?

கேள்வி: வணக்கம் அண்ணா. எனக்கு வயது 26, யீஷூனில் இருக்கிறேன். ஐடிஇயில் (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) மின் தொழில்நுட்பம் நைட்டெக் சான்றிதழ் படித்தேன். தேசிய சேவை முடித்து, மூன்று வருடமாக ஒரு சின்ன மின் ஒப்பந்தக் கம்பெனியில் வயரிங் வேலை பார்க்கிறேன். லிப்ட் மெக்கானிக் ஆக வேண்டும் என்று ஆசை. இணையத்தில் தேடினால் நான்கு வருட அப்ரண்டிஸ், தேர்வு, லைசென்ஸ் என்று ஏதேதோ வருகிறது. சிங்கப்பூரில் எந்த லைசென்ஸ் எடுக்க வேண்டும்? முதலில் எலக்ட்ரீசியன் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு போவது நல்லதா? அம்மாவிடம் சொன்னால், "குழியில விழுந்துட்டான்னு பேப்பர்ல போடுறானே, அந்த வேலையா?" என்று கேட்கிறார். இன்னொன்றும் உண்டு. என்னோடு வேலை பார்க்கும் பட்டுக்கோட்டை அண்ணன் ஒருவர் வொர்க் பெர்மிட்டில் இருக்கிறார். ஊரில் ஐடிஐ எலக்ட்ரீசியன் படித்தவர். "லிப்ட் லைசென்ஸ் கோர்ஸ் போடு, முடித்ததும் புது பெர்மிட் வாங்கித் தருகிறேன்" என்று ஒரு ஏஜெண்ட் அவரிடம் 3,800 வெள்ளி கேட்கிறாராம். கட்டலாமா?

பதில்:

தம்பி, கடைசிக் கேள்வியில் பணம் மாட்டியிருக்கிறது. அதை முதலில் முடித்துவிடுவோம். கட்ட வேண்டாம் என்று அந்த அண்ணனிடம் இன்றைக்கே சொல்லுங்கள். ஏஜெண்ட் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை, அவர் விற்கிற சரக்கே கிடையாது. படம் ஒட்டி, பெயர் போட்டு, பர்ஸில் வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு "லிப்ட் மெக்கானிக் லைசென்ஸ்" சிங்கப்பூரில் இல்லை. பெர்மிட் பற்றி அப்புறம் வருகிறேன்.

நீங்கள் இணையத்தில் பார்த்தது அமெரிக்க விவரமாக இருக்கும். அங்கே பல மாநிலங்களில் மெக்கானிக்கின் சொந்தப் பெயரிலேயே லைசென்ஸ் உண்டு. தொழிற்சங்கம் வழியாகப் போனால் நான்கு வருடம் அப்ரண்டிஸ், கடைசியில் மெக்கானிக் தேர்வு. நல்ல முறைதான், ஆனால் அது அந்த ஊர்ச் சட்டம். நம் ஊர்ச் சட்டம் வேறு பக்கத்திலிருந்து பிடிக்கிறது.

நாளைக்கு உங்கள் புளோக் லிப்டில் ஏறும்போது உள்ளே சுவரில் ஒட்டியிருக்கும் தாளைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள். இயக்க அனுமதி என்று ஒன்று இருக்கும். கட்டட, கட்டுமான ஆணையம் கொடுப்பது. ஆக, இங்கே முதல் லைசென்ஸ் லிப்டின் பெயரில். அது ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். புதுப்பிக்க வேண்டுமானால், லிப்ட், மின்படிக்கட்டுத் துறைக்கென்று தனியாகப் பதிவு பெற்ற நிபுணத்துவப் பொறியாளர் ஒருவர் நேரில் வந்து சோதித்துச் சான்று தர வேண்டும். ஆக, இரண்டாவது லைசென்ஸ் அந்தப் பொறியாளரின் பெயரில். பராமரிப்பு வேலையை ஆணையத்தில் பதிவு செய்த லிப்ட் ஒப்பந்தக் கம்பெனிதான் செய்ய முடியும். மூன்றாவது பதிவு கம்பெனியின் பெயரில். இந்த மூன்றுக்கும் நடுவில் ஸ்பேனரும் மல்டிமீட்டருமாக நிற்கிற நமக்கு? நம் பெயர் லாக் புத்தகத்தில் இருக்கும். எந்தத் தேதியில் வந்தோம், என்ன பார்த்தோம், என்ன மாற்றினோம், கீழே கையெழுத்து. அவ்வளவுதான். ஆனால் ஏதாவது நடந்துவிட்டால் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான்.

இந்த ஏற்பாடு இப்போதைய வடிவத்துக்கு வந்தது 2016, 2017 வாக்கில். அதற்கு முந்தைய வருடம் உங்களுக்கு நினைவிருக்கலாம். 2015இல் ஜூரோங்கில் ஒரு மூதாட்டி லிப்ட் கதவில் மாட்டிக் கையை இழந்தார். அடுத்தடுத்து வேறு சம்பவங்களும் செய்தியில் வந்தன. பிறகு பராமரிப்பு விதிகள் இறுகின. மாதம் ஒரு முறையாவது பராமரிப்பு, என்னென்ன பாகம் என்ன நிலையில் இருக்க வேண்டும் என்ற பட்டியல், வருடாந்தர இயக்க அனுமதி எல்லாம் வந்தன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 2016இல் அறிவித்த லிப்ட் மேம்பாட்டுத் திட்டத்துக்கு 450 மில்லியன் வெள்ளி, ஏறக்குறைய 20,000 லிப்டுகள். பழைய லிப்டுகளில் புது பிரேக் பாதுகாப்பு, கதவில் ஒளித்திரை சென்சார், மின்சாரம் போனாலும் பக்கத்து மாடிக்குக் கொண்டுபோய் விடும் கருவி என்று மாட்டிக்கொண்டே போனார்கள். வேலைக்கு ஆள் தேவைப்படும் காரணமும் இதுதான். லிப்ட் அதிகமாகியிருக்கிறது, ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியதும் அதிகமாகியிருக்கிறது.

சரி, லைசென்ஸ் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் போய்ச் செய்யலாமா? செய்ய முடியாது. தகுதியான ஆளை அனுப்பும் பொறுப்பைச் சட்டம் கம்பெனியின் தலையில் வைத்திருக்கிறது. அதனால் பயிற்சியும் கம்பெனிக்குள்தான் நடக்கிறது. "எந்த லைசென்ஸ் எடுக்கட்டும்?" என்று என்னைக் கேட்டீர்கள். "எந்தக் கம்பெனியில் சேரட்டும்?" என்று கேட்டிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேடுகிற மாதிரி கம்பெனியைத் தேடுங்கள்.

எலக்ட்ரீசியன் லைசென்ஸ் பற்றிக் கேட்டீர்கள். அது எரிசக்திச் சந்தை ஆணையம் தருவது. எலக்ட்ரீசியன் நிலை என்றால் 1,000 வோல்ட்டுக்குள், 45 கேவிஏ (மின்சுமை அளவு) வரையிலான மின் அமைப்பில் வேலை செய்யலாம். அதற்கு மேல் டெக்னீஷியன், பொறியாளர் என்று போகும். நல்ல லைசென்ஸ், கையில் இருந்தால் யாரும் பறிக்க முடியாத சொத்து. ஆனால் அது லிப்ட் லைசென்ஸ் ஆகாது. கட்டடத்திலிருந்து லிப்டுக்கு வரும் மின்சாரம் வரைக்கும் அந்த உலகம். மோட்டார் ரூமில் ஐசொலேட்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) தாண்டினால் வேறு உலகம். இரண்டு மூன்று வருடம் அதற்காகக் காத்திருந்துவிட்டு லிப்டுக்கு வருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதலில் லிப்டுக்கு வாருங்கள், அதைப் பகுதி நேரமாகப் பிறகு எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உங்கள் மூன்று வருட வயரிங் அனுபவம் வீணாகாது. ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் நாட்டில் 2009இல் கேபிள் நிறங்கள் மாறின, உங்களுக்குத் தெரிந்திருக்கும். பழையதில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல். புதியதில் பழுப்பு, கறுப்பு, சாம்பல் மூன்றும் ஃபேஸ், நீலம் நியூட்ரல். கறுப்பும் நீலமும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, கவனித்தீர்களா? எண்பதுகளில் கட்டிய புளோக்கின் மோட்டார் ரூமுக்குப் போனால், கட்டடத்திலிருந்து வரும் கேபிள் பழைய நிறம், போன வருடம் மாற்றிய கன்ட்ரோலருக்குள் புது நிறம். பள்ளியில் புது நிறத்தை மட்டும் படித்து வந்த பையன் கறுப்பைப் பார்த்ததும் ஃபேஸ் என்பான், நீலத்தை நியூட்ரல் என்று நம்பித் தொடுவான். நீங்கள் முதலில் மீட்டரை எடுப்பீர்கள். அந்தப் பழக்கம் உங்களிடம் இருந்தால் பாதி நேர்காணல் முடிந்தது.

(நிறக்குருடு இருக்கிறதா என்று ஒரு தடவை சோதித்துக்கொள்ளுங்கள். தேசிய சேவை மருத்துவச் சோதனையில் சொல்லியிருப்பார்கள். பலர் அதை மறந்துவிட்டு இந்த வேலைக்கு வருகிறார்கள்.)

உங்களுக்கு வழி இரண்டு. ஒன்று, நேராக ஒரு லிப்ட் கம்பெனியில் உதவி டெக்னீஷியனாகச் சேர்வது. நைட்டெக் மின் தொழில்நுட்பம், மெக்கட்ரானிக்ஸ் படித்தவர்களை விரும்பி எடுக்கிறார்கள். இன்னொன்று, ஐடிஇயின் வேலை-படிப்பு டிப்ளோமா. அதில் வெர்டிகல் டிரான்ஸ்போர்ட்டேஷன் என்றே ஒரு பிரிவு உண்டு, லிப்டும் மின்படிக்கட்டும் மட்டும். கம்பெனி உங்களை ஊழியராக எடுத்துக்கொள்ளும், சம்பளம் வரும், இடையிடையே கல்லூரிக்குப் போவீர்கள், கையில் டிப்ளோமாவோடு வெளியே வருவீர்கள். 26 வயதில் மறுபடி மாணவனா என்று கூச்சப்பட வேண்டாம். என் கையின் கீழ் வந்தவர்களில் 40 தாண்டியவர்களும் உண்டு. இரண்டில் எது என்று கேட்டால் டிப்ளோமாவைத்தான் சொல்வேன். காரணம் பிறகு தெரியும்: சூப்பர்வைசராகவும், சோதனைப் பிரிவிலும் ஆள் எடுக்கும்போது அந்தத் தாள் பேசும். 25 வயது ஆகிவிட்டதால் அரசாங்கம் பயிற்சிக்கென்று தரும் உங்கள் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் 500 வெள்ளி இருக்க வேண்டும், சின்னச் சின்னப் பாதுகாப்புக் கோர்ஸுக்கு அது உதவும்.

சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இந்தத் துறையில் படிப்படியான சம்பள உயர்வு முறை இருக்கிறது. அரசாங்க ஒப்பந்தங்களில் 2019இலிருந்தே இதைக் கேட்டார்கள். உதவி நிலையில் தொடங்கி, திறன் கூடக்கூட ஒவ்வொரு படிக்கும் ஒரு குறைந்தபட்சச் சம்பளம். நேர்காணலில் "நான் எந்தப் படியில் சேருகிறேன், அடுத்த படிக்கு என்ன பயிற்சி வேண்டும்?" என்று தயங்காமல் கேளுங்கள். பதில் சொல்லத் திணறும் கம்பெனியில் பயிற்சித் திட்டமும் அப்படித்தான் இருக்கும்.

வேலைக்குச் சேர்ந்ததும் சில சான்றிதழ்கள் எடுக்கச் சொல்வார்கள். உயரத்தில் வேலை செய்யும் பயிற்சி கட்டாயம் வரும். மூன்று மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள இடமென்றால், அந்த வேலைக்கென்று தனியாக எழுதிய அனுமதிப் படிவம் இல்லாமல் ஏறக் கூடாது என்பது விதி. புதுக் கட்டடத்தில் லிப்ட் மாட்டும் பிரிவில் சேர்ந்தால் கட்டுமானத் தளப் பாதுகாப்புக் கோர்ஸும் உண்டு. எடை தூக்கும் வேலைக்கு ரிகர், சிக்னல்மேன் கோர்ஸும் எடுக்க வேண்டியிருக்கலாம். இவையெல்லாம் ஒரு நாள், இரண்டு நாள், சில நாள் சமாசாரம். இதற்கெல்லாம் கம்பெனிதான் பணம் கட்ட வேண்டும், நீங்களே கட்டிக்கொண்டு வா என்று சொன்னால் வேறு இடம் பாருங்கள்.

உண்மையான பயிற்சி இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதை எழுத்தில் சொல்வது கஷ்டம், ஆனால் ஒன்றைக் காட்டுகிறேன்.

லிப்ட் கூண்டின் கூரை மேல் ஏறுவதை நாங்கள் கார் டாப் ஏறுவது என்போம். வெளியிலிருந்து பார்த்தால் கதவைத் திறந்து காலை வைப்பது, அவ்வளவுதான். நான் சேர்ந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஜோகூரிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வரும் ஒரு சீனப் பெரியவர். நாங்கள் அங்கிள் என்போம். முதல் இரண்டு மாதம் என்னைக் கார் டாப் ஏற விடவே இல்லை. கதவுப் பள்ளத்தைத் துடைக்கவிட்டார். அதில் என்னென்ன கிடைக்கும் தெரியுமா? சாத்தே குச்சி, பத்துக் காசு, சுவிங்கம், பிள்ளைகளின் ஷூ லேஸ், பூனை முடி. "லிப்ட் ரிப்பேர் என்று வருகிற அழைப்பில் பாதி இந்தப் பள்ளத்தில்தான் கிடக்கிறது" என்பார். உண்மைதான், கதவு மூடவில்லை என்று சொல்லி நான் ஓடிய இரவுகளை எண்ண முடியாது.

மூன்றாவது மாதம் கார் டாப் ஏறக் கற்றுக்கொடுத்தார். லிப்டைக் கீழே அனுப்பு. அது பாதி இறங்கும்போது முக்கோணச் சாவியால் தளத்துக் கதவைத் திற. கூண்டு நிற்கும், அதன் கூரை உன் கால் மட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இப்போது ஏறாதே. கதவைக் கொஞ்சம் திறந்தபடி வைத்துக்கொண்டு வெளிப் பட்டனை அழுத்து. பத்து விநாடி பார். கூண்டு அசைந்தால் கதவு கான்டாக்ட் (கதவு மூடியிருக்கிறதா என்று சொல்லும் சுவிட்ச்) பொய் சொல்கிறது, வேலையை நிறுத்து. அசையவில்லையா? கையை நீட்டிக் கூரையில் உள்ள சிவப்பு ஸ்டாப் பட்டனை அழுத்து, கதவை மூடு, வெளிப் பட்டனை மறுபடி அழுத்து. அசைந்தால் ஸ்டாப் பொய் சொல்கிறது. அதுவும் சரியென்றால் கதவைத் திற, கூண்டைக் கூரையிலிருந்து மட்டும் ஓட்டவிடும் இன்ஸ்பெக்‌ஷன் சுவிட்சைத் திருப்பு, ஸ்டாப்பை விடுவி, கதவை மூடு, மறுபடி பட்டன். இதுவும் சரியென்றால் ஸ்டாப்பைத் திரும்ப அழுத்திவிட்டு, அப்புறம் காலை வை.

மூன்று சுவிட்ச், மூன்றையும் தனித்தனியாகச் சந்தேகப்பட வேண்டும். எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம்கூட ஆகாது. ஒரு நாளைக்கு எட்டு லிப்ட் பார்த்தால் எட்டு முறையும் செய்ய வேண்டும். ஏழாவது லிப்டில், மழை வருகிற நேரத்தில், புளோக்கைப் பராமரிக்கும் நகர மன்றத்திலிருந்து போன் மேல் போன் வருகிறபோதும் செய்கிறானா என்பதை வைத்துத்தான் நாங்கள் ஆளை எடை போடுவோம்.

அம்மாவின் பயத்துக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. கயிறு அறுந்து லிப்ட் விழுவது என்பது சினிமா. பல கயிறுகள் ஒவ்வொன்றும் பங்கு போட்டுச் சுமக்கின்றன. வேகம் மிஞ்சினால் வேகத்தைக் கண்காணிக்கும் கவர்னர் கருவி தட்டிவிடும், சேஃப்டி கியர் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ளும். இன்னொரு விஷயம் வெளியாளுக்குத் தெரியாது. கூண்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எதிர் எடை, காலிக் கூண்டின் எடையோடு அது ஏற்றும் சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்த கனம். அதனால் காலி லிப்டில் பிரேக் பிடிக்காவிட்டால் அது விழாது, மேலே போகும். புதிதாக வருகிறவனிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இது. பத்தில் எட்டுப் பேர் "கீழே விழும்" என்பார்கள்.

அம்மாவிடம் பொய் சொல்ல நான் தயாராக இல்லை. ஆபத்து இருக்கிறது. பயணிக்கு இருப்பதைவிட நமக்கு அதிகம். திறந்த தளக் கதவு, கார் டாப், குழி, உருண்டுகொண்டிருக்கும் கயிறு, கூண்டுக்கும் எதிர் எடைக்கும் நடுவில் இருக்கும் சந்து: இந்த இடங்களில்தான் ஆட்கள் உயிரை விடுகிறார்கள். பெரும்பாலும் அவசரத்தில், பெரும்பாலும் தனியாக இருக்கும்போது.

எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஜம்பர் வயருக்கு. எந்தக் கதவு கான்டாக்ட் கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க, கன்ட்ரோலரில் அதைத் தற்காலிகமாக வயர் போட்டுத் தாண்டுவார்கள். வயரைக் கழற்ற மறந்தால், கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் கிளம்பும். நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் இது நடந்தது. ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தபடி கூண்டு நகர்ந்துவிட்டது. வெளியே கால்பந்தோடு ஒரு பையன் நின்றிருந்தான். பந்து மட்டும் உள்ளே போனது. யாருக்கும் அடிபடவில்லை. வயர் போட்டது என் கூட்டாளி, ஆனால் அன்று லாக் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டது நான். அவன் முடித்துவிட்டேன் என்றான், நான் மேலே போய்ப் பார்க்காமல் எழுதினேன். புத்தகத்தின் அந்தப் பக்கம் இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது.

அதற்குப் பிறகு என் குழுவில் ஜம்பர் இரண்டே இரண்டு. ஒவ்வொன்றும் ஒரு மீட்டர் நீளம், சிவப்புத் துணி கட்டியது, எண் போட்டது. கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும், இரண்டும் கழுத்தில் இருந்தால்தான் இறங்க வேண்டும். பையன்கள் இதைப் பார்த்து "தாலி" என்று கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

வேலை நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டாண்ட்பை முறை வரும். இரவு இரண்டு மணிக்கு ஆள் மாட்டிக்கொண்டார்கள் என்று அழைப்பு வந்தால் எழுந்து போக வேண்டும். தீபாவளி, சீனப் புத்தாண்டு, எதுவும் விதிவிலக்கு இல்லை. அந்த நாட்களில்தான் லிப்டில் கூட்டம் அதிகம், கதவை இழுத்துப் பிடிப்பவர்களும் அதிகம். உள்ளே மாட்டியிருப்பவருக்கு நீங்கள் பேசும் குரல்தான் முதல் உதவி. மாண்டரினோ மலாயோ நாலு வார்த்தை தெரிந்திருந்தால் ரொம்பக் கை கொடுக்கும். "பயப்படாதீங்க பாட்டி, வந்துட்டேன்" என்பதை மூன்று மொழியில் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

இனி பட்டுக்கோட்டை அண்ணன் விஷயம். வொர்க் பெர்மிட்டை ஏஜெண்ட் "வாங்கித் தர" முடியாது. மனிதவள அமைச்சிடம் விண்ணப்பிப்பது வேலை கொடுக்கிற கம்பெனி. எந்தக் கம்பெனி, என்ன வேலை என்று பெர்மிட்டிலேயே இருக்கும், அதற்கு வெளியே ஞாயிற்றுக்கிழமை கூட இன்னொருவரிடம் லிப்ட் வேலை பழகப் போகக் கூடாது. அப்படிப் போய் மாட்டினால் ஊருக்குத்தான் அனுப்புவார்கள். இங்கே உரிமம் பெற்ற வேலை வாய்ப்பு முகவர் ஊழியரிடம் வாங்கக்கூடிய கட்டணத்துக்கும் வரம்பு இருக்கிறது: ஒரு வருட ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை வருடமானாலும் மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. வேலை தருவதற்காக முதலாளி பணம் கேட்டால் அது நேரடியாகக் குற்றம். வெளிநாட்டு ஊழியருக்காக முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டும் லெவியை ஊழியர் சம்பளத்தில் பிடிப்பதும் அப்படியே.

அவருக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் மெதுவான வழி. முதலில் இப்போதைய முதலாளியிடமே பேசிப் பார்க்கட்டும். மின் ஒப்பந்தக் கம்பெனிகளுக்கு லிப்ட் மாட்டும் துணை ஒப்பந்தக்காரர்களோடு பழக்கம் உண்டு. பெர்மிட் முடியும் நேரத்தில், முடிவதற்கு 40 நாளிலிருந்து 21 நாள் வரையிலான இடைவெளியில், கட்டுமானத் துறை ஊழியர் ஒருவர் இப்போதைய முதலாளியின் சம்மதம் இல்லாமலேயே அதே துறையின் இன்னொரு கம்பெனிக்கு மாறலாம். அந்தத் தேதியை அவர் இப்போதே போனில் குறித்து வைத்துக்கொள்ளட்டும். ஊரில் ஸ்கில் அடித்து (திறன் தேர்வு முடித்து) வந்தவர்தானே, இங்கே உயர்திறன் நிலைக்கு ஏறப் பாருங்கள் என்று சொல்லுங்கள். உயர்திறன் ஊழியருக்கு முதலாளி கட்டும் மாத லெவி 500 வெள்ளி, அடிப்படைத் திறனுக்கு 900. மாதம் 400 வெள்ளி வித்தியாசம் என்றால் எந்த முதலாளியும் நின்று கேட்பார். 3,800 வெள்ளியில் வரும் எந்தத் தாளும் அந்த வேலையைச் செய்யாது. ஏஜெண்ட் ஏற்கெனவே முன்பணம் வாங்கியிருந்தால், ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் மனிதவள அமைச்சிடம் போகச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அங்கே தமிழில் பேச ஆள் இருப்பார்கள்.

உங்களுக்குத் திரும்பி வருகிறேன். நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பது இருக்கட்டும், நீங்கள் கேட்க வேண்டியவை சில. ஒரு ஜோடி டெக்னீஷியனுக்கு மாதம் எத்தனை லிப்ட்? எண்ணிக்கை கூடக் கூட நான் மேலே சொன்ன மூன்று நிமிடம் காணாமல் போகும். முதல் வருடம் நான் யாரோடு போவேன், அவருக்கு எத்தனை வருட அனுபவம்? தனியாகக் குழிக்குள் இறங்கச் சொல்வீர்களா? பயிற்சி கொடுத்தால் எத்தனை வருடம் வேலையை விடக் கூடாது என்று பாண்ட்? கன்ட்ரோலரைப் படிக்கும் கைக் கருவியை எனக்குக் கொடுப்பீர்களா, சூப்பர்வைசர் மட்டும்தான் வைத்திருப்பாரா? கடைசிக் கேள்வி முக்கியம். ஓட்டிஸ், ஷிண்ட்லர், கோனே, மிட்சுபிஷி, ஃபுஜிடெக் என்று ஒவ்வொரு பிராண்டின் மூளையும் தனி மொழி பேசும். கருவியைத் தொட விடாத இடத்தில் பத்து வருடம் இருந்தாலும் கதவு துடைப்பவராகத்தான் இருப்பீர்கள்.

ஐந்தாறு வருடத்தில் எங்கே போகலாம் என்றால், பராமரிப்பிலிருந்து சோதனைப் பிரிவுக்குப் போகப் பாருங்கள். புது லிப்டை முதல் முறை ஓட வைக்கிற வேலை. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை முழுச் சுமைச் சோதனை வரும்போது, கூண்டில் இரும்பு எடைகளை ஏற்றி, பொறியாளர் பக்கத்தில் நிற்க, பிரேக்கையும் சேஃப்டி கியரையும் நிஜமாகவே பிடிக்க வைத்துப் பார்ப்பீர்கள். அந்த நாள் நிறையக் கற்றுத்தரும், எடையைச் சுமந்து தோள்பட்டை வலிக்கும். அதற்கும் மேலே நிபுணத்துவப் பொறியாளர் ஆக ஆசையிருந்தால் பட்டமும் தொழில்முறைப் பொறியாளர் பதிவும் வேண்டும், அது இன்னொரு கடிதத்துக்கான விஷயம். டிப்ளோமா முடித்ததும் எழுதுங்கள்.

அம்மாவிடம் ஒன்று செய்யுங்கள். உங்கள் புளோக்குக்கு மாதம் ஒரு நாள் லிப்ட் ஆட்கள் வருவார்கள், தரைத்தளத்தில் மஞ்சள் தடுப்பு வைத்திருப்பார்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தள்ளி நின்று பாருங்கள். கதவைத் திறந்த ஆள் உடனே காலை வைக்கிறாரா, நின்று பட்டனை அழுத்திப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். நின்று பார்க்கிறவராக இருந்தால், வேலை முடிந்ததும் ஒரு டே ஓ (பால் இல்லாத தேநீர்) வாங்கிக் கொடுத்து, எந்தக் கம்பெனி, ஆள் எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள்.